காவலாளியின் எண் மாறக் கூடாது: சாகசக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அமைக்கும் முறை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற டேபிள் ரோல்பிளே விளையாட்டில் பார்ட்டி (பிளேயர்கள் ஆடும் சாகசக்காரர் குழு) முதல் லெவலில் இருந்தபோது ஊர் வாசலில் நின்ற காவலாளிக்கு 11 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி, பூஜ்யமானால் ஆள் விழுவார்). அதே பார்ட்டி எட்டாம் லெவலில் அதே ஊருக்குத் திரும்புகிறது. இப்போது வாசலில் நிற்பவருக்கு 60 ஹிட் பாயிண்ட், அடித்தால் 15 டேமேஜ். சண்டை சப்பென்று முடிந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான் டிஎம் (விளையாட்டை நடத்துபவர்) இதைச் செய்கிறார். ஆனால் இந்த ஒரு மாற்றத்தில் ஏழு லெவல் உழைப்பு காணாமல் போகிறது. ஏறிய உயரம் தெரிய வேண்டுமானால் தரை நகராமல் இருக்க வேண்டும். ஊர்க்காரரின் எண்களை ஒருமுறை தீர்மானித்துவிட்டு, கேம்பெயின் (பல நாள் தொடர்ந்து ஆடும் கதை) முடியும்வரை அவற்றைத் தொடாமல் இருப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இங்கே வரும் எண்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் உள்ளவை. 2024 திருத்தத்தில் சில ஸ்பெல்கள் மாறிவிட்டன, ஸ்லீப்பும் அவற்றில் ஒன்று. அந்த விதிகளில் ஆடுகிறவர்கள் அதே கணக்கைத் தங்கள் புத்தக எண்களை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஊர்க்காரரை அளந்துகொள்ளுங்கள்

விதிப்புத்தகத்தின் சாதாரண ஊர்க்காரருக்கு ஆறு எபிலிட்டியும் (ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன் போன்ற அடிப்படை ஆற்றல்கள்) 10. ஆர்மர் கிளாஸ் (அடி பட எதிராளி எட்ட வேண்டிய எண்) 10, ஹிட் பாயிண்ட் 4. கையில் ஒரு தடி. தாக்க, இருபது முக டைஸில் (டி20) விழுவதோடு +2, பட்டால் 1டி4, அதாவது நாலு முக டைஸ் ஒன்றில் விழும் எண் அளவு டேமேஜ். காவலாளி இதற்கு ஒரு படி மேல்: செயின் ஷர்ட்டும் கேடயமும் சேர்த்து ஆர்மர் கிளாஸ் 16, ஹிட் பாயிண்ட் 11, ஈட்டி +3, பட்டால் 1டி6+1. வழிப்பறிக்காரருக்கும் 11 ஹிட் பாயிண்ட்தான், கவசம் மட்டும் மோசம்.

இந்த எண்களை ஒரு காப்ளினுக்கு (சின்ன அரக்கன்) எதிரே வைத்துப் பாருங்கள். காப்ளினுக்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயிண்ட் 7, தாக்க +4, டேமேஜ் 1டி6+2. அது விவசாயியை அடித்தால் நாலுக்கு மூன்று தடவை படும். பட்டால் அநேகமாக ஆள் விழுந்துவிடுவார். இரண்டையும் பெருக்கினால், ஒரே வீச்சில் விவசாயி சாய 60 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. விவசாயி திருப்பி அடித்தால் 40 சதவீதம்தான் படும், அதுவும் மூன்று அடி பட்டால்தான் காப்ளின் விழும். ஆறு காப்ளின்கள் புகுந்தால் முப்பது குடும்பம் உள்ள ஊர் ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது, ஏன் முன்பின் தெரியாத நாலு பேரிடம் வந்து கெஞ்சுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. முதல் செஷனுக்கு முன்னால் இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஊர்த்தலைவரின் பேச்சில் பயம் தானாக வந்துவிடும்.

தரையை ரொம்பவும் கீழே இறக்கினாலும் தொல்லைதான். மூன்றாம் பதிப்பில் சாதாரண ஊர்க்காரரின் ஹிட் டைஸ் (ஹிட் பாயிண்டைத் தீர்மானிக்கும் டைஸ்) டி4. சராசரியாக இரண்டு மூன்று ஹிட் பாயிண்ட்தான் இருக்கும். டேமேஜ் எவ்வளவு குறைந்தாலும் ஒன்றாவது உண்டு என்று விதி. அந்தப் பதிப்பின் திருத்தமான 3.5-இன் வீட்டுப் பூனைக்கோ ஒரு சுற்றில் இரண்டு நகக்கீறல், ஒரு கடி. கணக்குப்படி பூனை ஆளைக் கொல்லும். அந்தப் பதிப்பில் ஆடுகிறவர்கள் ஊர்க்காரருக்குக் குறைந்தது 4 ஹிட் பாயிண்ட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை

‘சாகசக்காரர் அசாதாரணமானவர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் டேபிளில் குழப்பம் வரும். எதில், எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உடல் வலிமையில் இடைவெளி நினைப்பதைவிடச் சிறியது. ஊர்க்காரர் எல்லோருக்கும் 10 என்பது டிஎம்மின் வசதிக்காகப் போட்ட எண். மூன்று டி6 உருட்டி ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்தால், 216 பேரில் பத்துப் பேருக்கு 16 அல்லது அதற்கு மேல் வரும். ஒருவருக்கு 18 வரும். முதல் லெவல் ஃபைட்டர் ஸ்ட்ரெங்த் 16 வைத்திருந்தால், நடுத்தரக் கிராமத்தின் பலசாலிகள் பத்துப் பேரில் ஒருவர், அவ்வளவே. கடைவீதியில் மூட்டை தூக்குகிறவர் கை மல்யுத்தத்தில் அவரைச் சாய்த்தால் அது நியாயமான முடிவு. இருபது ஸ்ட்ரெங்த் வந்தாலும் சுமந்து நடக்கும் எடை 300 பவுண்ட், அதாவது 136 கிலோ. பத்து ஸ்ட்ரெங்த் உள்ளவரைப் போல இரண்டு மடங்கு. ஓடிவந்து தாண்டும் நீளம் ஸ்ட்ரெங்த் எண் எவ்வளவோ அத்தனை அடி. 20 என்றால் 6 மீட்டர் சொச்சம். 1991-இல் மைக் பவல் தாண்டியது 8.95 மீட்டர். அதற்கு மேல் தாண்ட அத்லெட்டிக்ஸ் செக் கேட்கலாம் என்றாலும், விதி தானாகக் கொடுக்கும் உடல் மனித எல்லைக்குள்தான் நிற்கிறது.

தாங்கும் சக்தியில் கதை வேறு. பத்தடி உயரத்திலிருந்து விழுந்தால் 1டி6 டேமேஜ். 4 ஹிட் பாயிண்ட் உள்ளவர் கூரையிலிருந்து விழுந்தால் பாதிக்குப் பாதி உயிர் போகும். கான்ஸ்டிடியூஷன் 16 உள்ள பத்தாம் லெவல் ஃபைட்டருக்கு 94 ஹிட் பாயிண்ட். விழும் டேமேஜுக்கு உச்சவரம்பு 20டி6, சராசரி 70. இருநூறு அடிப் பாறையிலிருந்து விழுந்து, எழுந்து, தூசி தட்டிவிட்டு நடப்பார். எட்டு மணிநேரம் தூங்கினால் காலையில் முழு ஹிட் பாயிண்ட். இன்னொன்றையும் கவனியுங்கள்: பிளேயர் கேரக்டர் பூஜ்யத்துக்கு வந்தால் டெத் சேவ் உருட்டலாம், மற்றவர்கள் பொதுவாகப் பூஜ்யத்திலேயே செத்துவிடுவார்கள். உயிர் பிழைக்க ஒரு தனி விதியே சாகசக்காரருக்கு இருக்கிறது என்பதுதான் இதில் ஆகப்பெரிய வித்தியாசம். ஒரு ஊர்க்காரர் கதைக்கு முக்கியம் என்றால், அவருக்கும் டெத் சேவ் உண்டு என்று முன்கூட்டியே முடிவெடுத்து எழுதி வையுங்கள். அவர் விழுந்த பிறகு யோசித்தால் பிளேயர்களுக்குச் சந்தேகம் வரும்.

வாளடியை ‘நூலிழையில் தப்பினாய், மூச்சு வாங்குகிறது’ என்று வர்ணித்துச் சமாளிக்கலாம். ஹிட் பாயிண்ட் என்பது உடல், மனத்திண்மை, அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது என்றுதான் விதிப்புத்தகமும் சொல்கிறது. பாறையிலிருந்து விழுவதை அப்படிச் சமாளிக்க முடியாது. அதனால் செஷன் ஜீரோவில் (ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் நாள்) ஒரு கேள்வியை வெளிப்படையாகக் கேளுங்கள்: நம் உலகத்தில் பத்தாம் லெவல் ஆள் உண்மையாகவே மனிதரைத் தாண்டியவரா, அல்லது அதிர்ஷ்டம் கூடவே வரும் மனிதரா? முதலாவது என்றால் ஊரார் அவரைப் பார்த்து விலகி நிற்பார்கள். இரண்டாவது என்றால் உயரத்திலிருந்து விழும்போது மரக்கிளையோ வைக்கோற்போரோ எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

திறமையில் இடைவெளி மெதுவாகத் திறக்கிறது. டி20-இல் எட்ட வேண்டிய எண் நடுத்தரக் கடினமான வேலைக்கு 15, கடினமானதற்கு 20. எந்தப் பயிற்சியும் இல்லாத ஊர்க்காரருக்கு முதலாவது 30 சதவீதம், இரண்டாவது 5 சதவீதம். டெக்ஸ்டெரிட்டி 18-உம் எக்ஸ்பர்ட்டீஸும் (தேர்ந்த பயிற்சி) உள்ள ஐந்தாம் லெவல் ரோக்குக்கு (திருட்டு வேலையில் தேர்ந்தவர்) +10. அதே இரண்டும் 80, 55 சதவீதம். பதினோராம் லெவலில் ரிலையபிள் டேலண்ட் வந்ததும் பத்துக்குக் குறைந்து விழும் டைஸ் எல்லாம் பத்தாகிவிடும். டெக்ஸ்டெரிட்டி 20 என்றால் ஸ்டெல்த் (ஒளிந்து நகரும் திறமை) 23-க்குக் கீழே இறங்கவே இறங்காது. காவலாளியின் பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் எண்) 12. இங்கே டைஸ் உருட்டச் சொல்வது நேர விரயம். ‘அவர்கள் உன்னைப் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இதே டி20 எதிர்த்திசையில் ஒரு அநியாயம் செய்யும். முப்பது வருடம் இரும்படித்த கொல்லருக்கு, தாராளமாகப் போட்டாலும், +5 வரும். பழக்கமே இல்லாத ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் மட்டுமே +4. பதினைந்துக்கு எதிராக ஒருவருக்கு 55 சதவீதம், மற்றவருக்கு 50. உலைக்களத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கும் வழிப்போக்கருக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! இதைத் திருத்த எண்ணைக் கூட்ட வேண்டாம். இரண்டு விதி போதும். தன் தொழிலில் அன்றாட வேலைக்குக் கொல்லர் உருட்டவே வேண்டாம், வேலை முடிந்தது. தொழில் தெரியாதவர் உருட்டவே முடியாது. மருத்துவச்சி, படகோட்டி, தேனீ வளர்ப்பவர் எல்லோருக்கும் இதுவே. இப்படி வைத்தால் ஹீரோக்கள் ஊரில் யாரிடமாவது போய் உதவி கேட்க வேண்டியிருக்கும். அது கேம்பெயினுக்கு ரொம்ப நல்லது.

மந்திரத்தில் இடைவெளி முதல் நாளிலேயே பாதாளம். முதல் லெவல் விஸார்டுக்குப் பெரும்பாலும் 8 ஹிட் பாயிண்ட், விவசாயிக்கு இரண்டு மடங்குதான். ஆனால் ஸ்லீப் ஸ்பெல் 5டி8 ஹிட் பாயிண்ட் அளவுக்கு ஆட்களைத் தூங்க வைக்கும், சராசரி 22. அது ஐந்து ஊர்க்காரர், அல்லது இரண்டு காவலாளிகள். ஐந்தாம் லெவலில் ஃபயர்பால் வருகிறது: 8டி6, சராசரி 28, இருபதடி ஆரம். ஐந்தடிக் கட்டங்களாக எண்ணினால் சுமார் ஐம்பது கட்டம். கூட்டமான சந்தையில் அது எத்தனை தலை என்று பாருங்கள். எட்டு டைஸிலும் ஒன்றே விழுந்தால் டேமேஜ் 8. சேவ் செய்தவருக்கு (டைஸ் உருட்டி ஓரளவு தப்பியவருக்கு) பாதி, 4. ஊர்க்காரரிடம் இருப்பதும் 4. அதாவது டைஸ் எவ்வளவு இரக்கம் காட்டினாலும், அவர் சேவ் செய்தாலும், அந்த வட்டத்துக்குள் நின்ற சாதாரண மனிதர் ஒருவர்கூட எழுந்திருக்க மாட்டார். விஸார்ட் ஆடுபவருக்கு இதை ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிடுங்கள். ஊருக்குள் அந்த ஸ்பெல்லின் பெயரைக் கேட்டாலே ஏன் வாசல்கள் சாத்தப்படுகின்றன என்று அவருக்கே விளங்கும்.

பாலத்தில் பத்து காவலாளிகள்

எண்களைத் தாளில் பார்ப்பதைவிட ஒரு சண்டையை ஓட்டிப் பார்ப்பது பலன் தரும். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் ஒருவர், தனியாக. ஸ்ட்ரெங்த் 18, கான்ஸ்டிடியூஷன் 14, செயின் மெயிலும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயிண்ட் 44. லாங்ஸ்வார்ட், டூயலிங் ஸ்டைல். தாக்க +7, பட்டால் 1டி8+6. எதிரே திறந்த வெளியில் பத்து காவலாளிகள்.

ஃபைட்டரின் வீச்சு 60 சதவீதம் படும். பட்டதில் பாதிதான் 11 ஹிட் பாயிண்டையும் ஒரே அடியில் தீர்க்கும். ஆக ஒரு சுற்றில் இரண்டு வீச்சுக்கு ஒரு காவலாளி விழுவதே சற்று அதிர்ஷ்டம். ஆக்‌ஷன் சர்ஜ் (கூடுதலாக ஒருமுறை தாக்கும் வசதி) போட்ட சுற்றில் ஒன்றோ இரண்டோ. காவலாளியின் ஈட்டி 30 சதவீதம் படும். கிரிட்டிக்கலையும் (டி20-இல் 20 விழும்போது கூடும் டேமேஜ்) சேர்த்தால் ஆளுக்கு ஒரு சுற்றில் சராசரி 1.5 டேமேஜ். பத்துப் பேர் நின்றால் 15. எட்டுப் பேர் சூழ்ந்துகொள்வார்கள், இடமில்லாத இருவர் பின்னாலிருந்து ஈட்டியை எறிவார்கள். செகண்ட் விண்ட் (கொஞ்சம் ஹிட் பாயிண்டைத் திரும்பப் பெறும் வசதி) எடுத்தாலும் ஐந்தாவது, ஆறாவது சுற்றில் ஃபைட்டர் விழுவார். அதற்குள் நாலைந்து காவலாளிகள் தரையில் கிடப்பார்கள்.

இப்போது அவரைக் குறுகிய பாலத்தில் நிறுத்துங்கள். இருவர்தான் நேரே வர முடியும். பின்னாலிருந்து எறிபவர்களுக்கு முன்னால் நிற்கும் தோழர்களே மறைப்பு. ஃபைட்டருக்கு ஹாஃப் கவர், ஆர்மர் கிளாஸ் 20 ஆகிவிடும். சண்டை அவர் பக்கம் சாயத் தொடங்கும். அல்லது திறந்த வெளியிலேயே விட்டு, கூட ஒரு விஸார்டைச் சேருங்கள். ஒரு ஃபயர்பால். சேவ் தவறியவருக்கு 28, சேவ் செய்தவருக்கும் 14. பத்துப் பேரும் அநேகமாக அதே சுற்றில் போய்விடுவார்கள்.

இதிலிருந்து டிஎம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ஐந்தாம் பதிப்பு தாக்கும் எண்ணையும் ஆர்மர் கிளாஸையும் வேண்டுமென்றே ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. அதனால் எண்ணிக்கை எப்போதும் ஆபத்தாகவே இருக்கும். தனி ஆள் எவ்வளவு பெரியவரானாலும் ஊரே திரண்டால் கவலைப்பட வேண்டும். காவலாளியின் ஹிட் பாயிண்டை ஏற்ற வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது? நாலு காவலாளியை மட்டும் நிறுத்தியதிலிருந்து. பதினைந்து பேரை நிறுத்துங்கள், இருவர் ஓடிப்போய் மணி அடிக்கட்டும், கூரை மேல் நால்வர் வில்லோடு ஏறட்டும். எண் மாறவில்லை, சண்டை கடுமையாகிவிட்டது.

இந்த அளவுகோல் விளையாட்டோடு சேர்ந்தே பிறந்தது. 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டில் ஒரு ஹீரோ நான்கு வீரருக்குச் சமம், சூப்பர்ஹீரோ எட்டுக்குச் சமம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நாலாம் லெவல் சண்டைக்காரரின் பட்டம் ஹீரோ, எட்டாம் லெவலில் சூப்பர்ஹீரோ, முதல் லெவலில் வெட்டரன். முதல் லெவலே புதுமுகம் அல்ல, போர் பார்த்தவர் என்று அன்றே வைத்திருந்தார்கள்.

ஊரில் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள்

இது அரைமணி நேர வேலை. தவறாமல் செய்யுங்கள். ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு நாங்கள் சொல்லும் அளவு: காவலாளி எண் உள்ளவர்கள் இருபது, அடியாள் எண் உள்ளவர்கள் (ஹிட் பாயிண்ட் 32) ஐந்து, ஓய்வுபெற்ற வெட்டரன் (ஹிட் பாயிண்ட் 58, ஆர்மர் கிளாஸ் 17) ஒருவர், கோயிலில் அகோலைட் (இளம் பூசாரி) மூன்று, ப்ரீஸ்ட் ஒருவர். மேஜ் (பெரிய மந்திரவாதி) இல்லை. பத்தாயிரம் பேர் உள்ள நகரத்தில் காவலாளிகள் இருநூறு, வெட்டரன்கள் பதினைந்து, ப்ரீஸ்ட் ஐந்து, மேஜ் ஒன்று அல்லது இரண்டு. ஆர்ச்மேஜ் என்றால் ஒரு ராஜ்யத்துக்கே ஒருவர். மந்திரம் மலிந்த உலகம் வேண்டுமென்றால் இதை மூன்று மடங்காக்குங்கள். அரிதான உலகம் என்றால் மந்திரக்காரர் எல்லோரையும் எடுத்துவிட்டு அகோலைட் ஒருவரை மட்டும் வையுங்கள். எந்த அளவு என்பதைவிட, எழுதிய பிறகு அதிலிருந்து பிறழாமல் இருப்பதுதான் முக்கியம். ஊரின் ஒரே வெட்டரனைப் பார்ட்டி கொன்றுவிட்டால் ஊரில் இனி வெட்டரன் கிடையாது. அடுத்த மாதம் ஓநாய்க் கூட்டம் வரும்போது அந்த இடம் காலியாக இருக்கட்டும்.

இந்தப் பட்டியலைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு: சத்திரம் நடத்துகிறவர் பன்னிரண்டாம் லெவல் முன்னாள் சாகசக்காரர் என்று வைப்பது. பிளேயர்கள் அத்துமீறினால் அடக்க ஆள் வேண்டுமே என்ற யோசனை. ஒரு கேம்பெயினில் ஒருமுறை வைத்தால் சுவாரஸ்யம். மூன்றாவது சத்திரத்திலும் அப்படியே என்றால், காப்ளின் பிரச்சினையை அவரே தீர்த்திருக்கலாமே என்று பிளேயர் கேட்பார், அதற்குப் பதில் இருக்காது.

இன்னொரு கேள்வியும் வரும், தயாராக இருங்கள். விதிப்புத்தகத்தின் தினசரி சண்டை அளவை அப்படியே பின்பற்றினால் ஒரு பார்ட்டி முதல் லெவலிலிருந்து ஐந்தாம் லெவலுக்குக் கதைக்குள் பத்து நாளுக்குள் போய்விடும். அப்படியென்றால் முப்பது வருடம் ஈட்டி பிடித்த காவலாளி ஏன் இன்னும் 11 ஹிட் பாயிண்டில் நிற்கிறார்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரும்பாலோரால் லெவல் ஏற முடியாது, சிலரிடம் மட்டும் அந்தப் பொறி இருக்கிறது என்பது ஒன்று. யாராலும் முடியும், ஆனால் அந்தப் பாதையில் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதல் குகையிலேயே செத்துவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தேர்ந்தால் குகைகளில் முந்தைய குழுக்களின் எலும்புகள் கிடக்க வேண்டும், ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இருக்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும் சாகசங்களுக்கு நடுவே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓய்வுக்காலம் வையுங்கள், வேகம் உறுத்தாது.

காசு

பிளேயருக்குத் தான் யார் என்று சட்டென்று உறைப்பது பணத்தில்தான், சண்டையில்கூட இல்லை. கூலியாளின் நாள் சம்பளம் 2 வெள்ளி. பத்து வெள்ளி ஒரு பொன். லாங்ஸ்வார்ட் 15 பொன், எழுபத்தைந்து நாள் கூலி. ஹீலிங் போஷன் 50 பொன், இருநூற்றைம்பது நாள். பிளேட் கவசம் 1,500 பொன்: ஒரு செம்புக்காசுகூடச் செலவழிக்காமல் இருபது வருடம் உழைத்தால் வாங்கலாம். ஐந்து முதல் பத்தாம் லெவலுக்கான புதையல் குவியலில் காசு மட்டுமே சராசரி 3,850 பொன் இருக்கும். கூலியாளுக்கு அது ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட சம்பளம்.

இந்தப் பார்ட்டி கிராமச் சத்திரத்துக்குள் வந்து பிளாட்டினம் காசை மேசையில் போட்டால் என்ன ஆகும்? நடுத்தர அறைக்கு இரவுக்கு 5 வெள்ளி. சில்லறை ஊரிலேயே இருக்காது. சத்திரக்காரர் கணக்கில் எழுதிக்கொள்கிறேன் என்பார். ஒரு வாரத்தில் கடன் கேட்டு, வரன் கேட்டு, நிலத் தகராறுக்குத் தீர்ப்பு கேட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். திருடனும் வருவான். இவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு ஊரிலும் காட்டுங்கள். வர்ணனையில் ‘எல்லோரும் உங்களை வியந்து பார்க்கிறார்கள்’ என்று பத்து தடவை சொல்வதைவிட இது அழுத்தமாக வேலை செய்யும்.

குணமாக்கும் மந்திரத்தை எண்ணிப் பாருங்கள்

ஊருக்கு ஒரு ப்ரீஸ்ட் இருந்தால் ஏன் யாருக்கும் நோய் வருகிறது என்று கேட்பார்கள். ப்ரீஸ்ட் ஐந்தாம் லெவல் மந்திரக்காரர். நோய் தீர்க்கும் லெஸ்ஸர் ரெஸ்டோரேஷன் இரண்டாம் லெவல் ஸ்பெல். அவரிடம் இரண்டாம் லெவல் ஸ்லாட் (ஒரு நாளில் ஸ்பெல் போடும் வாய்ப்பு) மூன்று, மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டு. அத்தனையும் செலவழித்தால் ஒரு நாளைக்கு ஐந்து பேர். ஆயிரம் பேர் ஊரில் நாளைக்கு இருபது பேருக்குப் பரவும் காய்ச்சல் வந்தால் அவர் யாரைக் காப்பாற்றுவது, யாரை விடுவது என்று தினமும் காலையில் முடிவெடுக்க வேண்டும். இந்த ஒரு கணக்கிலிருந்து மூன்று செஷனுக்குக் கதை வரும். பார்ட்டியில் ஒரு கிளெரிக் இருந்தால் ஊருக்கு இன்னும் நாலைந்து உயிர் மிஞ்சும். அவர் ஸ்லாட்டைச் சண்டைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்பதை அவரே சொல்லட்டும்.

இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட்டுக்கு ஒன்பதாம் லெவல் கிளெரிக் வேண்டும், 500 பொன் பெறும் வைரம் வேண்டும், இறந்து பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். கூலியாளுக்கு அந்த வைரம் ஏழு வருட உழைப்பு. சாவு யாருக்கு முடிவு, யாருக்குத் தற்காலிகம் என்பது இப்படித்தான் பிரிகிறது. பார்ட்டி தங்கள் தோழரை எழுப்பிக்கொண்டு சுடுகாட்டு வழியாகத் திரும்பும்போது, அங்கே யாராவது அவர்களைப் பார்க்கட்டும்.

டேபிளில் வழக்கமாகத் தவறுவது

பார்ட்டி ஊர்க்காரரை அடிக்கத் தொடங்கிவிட்டால் வலிமையான ஒருவரை இறக்கி அடக்காதீர்கள். அங்கே விதி ஜெயிக்கும், உலகம் தோற்கும். கொல்ல முடியும், அதன் பிறகு ரொட்டி விற்க ஆள் இருக்காது. சத்திரம் மூடியிருக்கும், கிணற்றடியில் பேச்சு நிற்கும், அடுத்த ஊர் வாசலில் அவர்களின் அங்க அடையாளம் எழுதிய தாள் இருக்கும். 500 பொன் பரிசு அறிவித்தால், அந்தப் பணத்துக்கு நகரத்து வெட்டரன்கள் ஆறு பேர் கிளம்பி வருவார்கள். ஆறு வெட்டரன் என்றால் 348 ஹிட் பாயிண்ட், ஆளுக்குச் சுற்றுக்கு மூன்று வீச்சு. ஏழாம் லெவல் பார்ட்டிக்கே மூச்சுத் திணறும். இவர்கள் உங்கள் பட்டியலில் முதலிலிருந்தே இருந்தவர்கள் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது.

முதல், இரண்டாம் லெவலில் மறுகோடித் தவறு நடக்கும்: பிளேயர் தன்னைப் பெரிய வீரர் என்று எழுதிவந்த பின்கதையை நம்பி எட்டு வழிப்பறிக்காரரோடு மோதுவார். ஃபைட்டருக்கு 12 ஹிட் பாயிண்ட், வழிப்பறிக்காரருக்கு 11. ஒருவருக்கு ஒருவர் என்றால் ஜெயிப்பார், இருவர் என்றால் இழுபறி. டிராகனைக் கொன்றவர் என்ற பின்கதையை முதல் லெவல் தாங்காது. ஊர்ச் சண்டையில் பெயர் வாங்கியவர், கோட்டையில் மூன்று வருடம் காவலிருந்தவர் என்ற அளவில் எழுதச் சொல்லுங்கள்.

பதினோராம் லெவலுக்கு மேல் காவலாளிகளோடு சண்டை போட டைஸ் எடுக்காதீர்கள். எத்தனை பேர், என்ன நோக்கம், என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். கேள்வி ‘ஜெயிப்பார்களா’ என்பதிலிருந்து ‘அந்த இருபது பேரை என்ன செய்வார்கள்’ என்பதற்கு மாறியிருக்கும். உடன் வரும் ஊர்க்காரர், வழிகாட்டி, சமையல்காரர் இருந்தால் அவர்களை ஏரியா ஸ்பெல்லுக்கு வெளியே எங்கே நிற்க வைப்பது என்று பிளேயரையே ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். டிராகன் மூச்சு விட்ட பிறகு கேட்டால் வாக்குவாதம்தான் வரும்.

வேறு விளையாட்டில் ஆடுகிறவர்களுக்கு

இந்த இடைவெளி எல்லா விளையாட்டுக்கும் ஒன்றல்ல. டஞ்சன் க்ரால் கிளாஸிக்ஸில் ஒவ்வொரு பிளேயரும் பூஜ்ய லெவல் ஊர்க்காரர் இரண்டு முதல் நாலு பேரை ஆடுவார், ஆளுக்கு 1டி4 ஹிட் பாயிண்ட். முதல் சாகசத்தில் பிழைத்தவர் முதல் லெவலுக்குப் போவார். ‘ஒன்பது பேர் செத்தார்கள்’ என்ற விடையை அங்கே பிளேயர்களே ஆடிப் பார்த்துவிடுகிறார்கள். 1986-இல் வந்த வார்ஹாமர் ஃபேன்டஸி ரோல்பிளேயில் உங்கள் கேரக்டர் எலி பிடிப்பவராகவே தொடங்கலாம். அங்கே காவலாளி உங்களைவிட உயர்ந்தவர், அவரிடம் பணிந்து பேசித்தான் ஆக வேண்டும். 1978-இன் ரூன்குவெஸ்ட்டில் திறமை சதவீதமாக ஏறும், ஹிட் பாயிண்ட் கிட்டத்தட்ட ஏறாது. இருபது வருடம் போர் செய்தவரின் ஈட்டி 90 சதவீதம் படும். ஆனால் விவசாயியின் அதிர்ஷ்டமான ஒரு குத்து அவர் தொடையில் பட்டால் அவரும் தரையில்தான். அந்த விளையாட்டில் மேலே போட்ட பாலத்துச் சண்டையை ஓட்டினால், பத்து காவலாளிக்கு எதிரே தனியாக நிற்க எந்த வீரரும் சம்மதிக்க மாட்டார். அங்கே டிஎம் காவலாளிகளின் எண்ணிக்கையைப் பத்திலிருந்து மூன்றாகக் குறைத்துத்தான் தொடங்க வேண்டும்.